மதுரையும் டொரண்டோவும்: இரண்டு ஊர் நேரத்தோடு வாழப் போகிறவர்களுக்கு

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கனடாவின் டொரண்டோ நகருக்குப் படிக்கவோ வேலைக்கோ புறப்படும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெட்டியில் என்ன வைப்பது, விசாவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நேரத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. "பத்தரை மணி நேர வித்தியாசம்" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த வரி ஆண்டில் நான்கு மாதங்களுக்குச் சற்று மேல்தான் உண்மை. மீதி நாட்களுக்கு ஒன்பதரை மணி நேரம்தான். சரியாகக் கழிக்கத் தெரிந்த பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கிறது: அந்த மணியில் அந்த ஊர் என்ன செய்துகொண்டிருக்கும் என்று தெரிய வேண்டும். கணக்கில் தவறினால் ஒரு போன் அழைப்பு வீணாகும். ஊரின் குணம் தெரியாவிட்டால் உறவே தேய்ந்துபோகும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு

பத்தரையை மனத்தில் கழிப்பது எல்லோருக்கும் சிரமம். அதைவிட எளிய வழி இருக்கிறது. குளிர்காலத்தில் (நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை) மதுரை நேரத்தோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டு, காலையை இரவாகவும் இரவைக் காலையாகவும் மாற்றிப்போடுங்கள். மதுரையில் இரவு 8 என்றால் டொரண்டோவில் காலை 9.30. மதுரையில் காலை 6 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 7.30. கோடைக்கணக்கில் ஒன்றரைக்குப் பதில் இரண்டரையைக் கூட்டுங்கள். மதுரையில் இரவு 8 என்றால் அங்கே காலை 10.30.

டொரண்டோவிலிருந்து மதுரை நேரத்தைப் பார்க்கிறவர் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் ஒன்றரையைக் கழித்து, கோடையில் இரண்டரையைக் கழித்து, காலை இரவை மாற்றிப்போட்டால் போதும். அங்கே மதியம் 12 என்றால் மதுரையில் குளிர்காலக் கணக்குக்கு இரவு 10.30, கோடைக் கணக்குக்கு இரவு 9.30.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் காலை 10.30 ஆகும்வரை (கோடையில் 9.30 ஆகும்வரை) டொரண்டோவில் நேற்றைய தேதிதான் ஓடிக்கொண்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்தை விடியற்காலையில் அனுப்பிவிட்டு, "இன்னும் நாளே வரவில்லையே அம்மாச்சி" என்ற பதிலை வாங்குகிற வீடுகள் நிறைய.

"கனடா நேரம்" என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் ஆறு நேர மண்டலங்கள் இருக்கின்றன. வான்கூவர், டொரண்டோவைவிடச் சில மணி நேரம் பின்னால் இருக்கும் மண்டலத்தைச் சேர்ந்தது. கிழக்குக் கடைசியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து நம்மைப் போலவே அரைமணிக் கணக்கில் கடிகாரம் வைத்திருக்கிறது. பிள்ளை போகும் நகரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, செல்பேசியில் உள்ள உலகக் கடிகாரத்தில் அந்த நகரத்தின் பெயரையே சேர்த்துவிடுங்கள்.

கடிகாரம் மாறும் இரண்டு ஞாயிறுகள்

டொரண்டோவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குப் பழையபடி பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். 2007இலிருந்து இந்தத் தேதி முறை நடக்கிறது. மதுரைக் கணக்கில் மார்ச் மாற்றம் ஞாயிறு மதியம் 12.30க்கும், நவம்பர் மாற்றம் ஞாயிறு காலை 11.30க்கும் நிகழும். இரண்டுமே வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற நேரம்.

நம்மிடம் இந்த வழக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகள் இந்தியாவிலும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தொடவில்லை. மதுரை போன்ற ஊருக்கு அது தேவையும் இல்லை. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். இப்போது செய்ய வேண்டியது இதுதான்: புது ஆண்டின் தினசரி காலண்டர் வீட்டுக்கு வந்ததும், மார்ச் இரண்டாம் ஞாயிறு தாளிலும் நவம்பர் முதல் ஞாயிறு தாளிலும் "டொரண்டோ மணி மாறுகிறது" என்று பேனாவால் எழுதிவிடுங்கள். சுவரில் இரண்டாவது கடிகாரம் மாட்டியிருந்தால் அதைத் திருப்பிவைக்கிற பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள். செல்பேசி தானாக மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்துக்குக் கை வேண்டும். பெரியவர்கள் பார்ப்பது சுவரைத்தான்.

சூரியனைக் கேட்டால்

நம் இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரை ஒட்டிச் செல்லும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைதான் அதற்கு அளவு. நாடு முழுவதற்குமாக இது 1906இல் வந்தது. அதற்கு முன் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. இன்னொரு பக்கம், உலகத்தையே மணிக்கணக்கான மண்டலங்களாகப் பிரிக்கலாம் என்ற திட்டத்தை ரயில்பாதைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்டு ஃபிளெமிங் 1879இல் எடுத்து விளக்கிய ஊர் டொரண்டோதான். 1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றன.

மதுரை 78.12 பாகைக் கிழக்கில் இருக்கிறது. மிர்சாப்பூர்க் கோட்டுக்கு 4.38 பாகை மேற்கே. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், நம் ஊர்ச் சூரியன் நம் கடிகாரத்துக்குப் பதினேழரை நிமிடம் பிந்தி வருகிறது. டொரண்டோவின் மண்டலத்துக்கு அளவுகோல் பிலடெல்பியாவை ஒட்டிச் செல்லும் 75 பாகை மேற்குக் கோடு. டொரண்டோ 79.38 பாகையில் இருக்கிறது. அதுவும் தன் கோட்டுக்கு மேற்கே 4.38 பாகை! அந்த ஊர்ச் சூரியனும் பதினேழரை நிமிடம்தான் பிந்துகிறது. பூமியின் இரு வேறு பக்கங்களில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களிலும், குளிர்காலக் கணக்கில் கடிகாரம் ஏறக்குறைய 12.17 காட்டும்போதுதான் சராசரியாகச் சூரியன் உச்சிக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததிலிருந்து டொரண்டோ எனக்கு அந்நிய ஊராகத் தெரியவில்லை.

ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது. மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பத்துப் பாகை வடக்கே, டொரண்டோ நாற்பத்து மூன்றரைப் பாகைக்கு மேல். அதனால் மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடுதான். டொரண்டோவில் அது ஆறரை மணி நேரம். ஜூன் மூன்றாம் வாரத்தில் அங்கே காலை ஐந்தரை மணிக்குச் சற்றுப் பின் விடிந்து இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை ஏழே முக்காலுக்கு விடிந்து, மாலை 4.45க்குள் மறைந்துவிடுகிறது. கோடையின் நீண்ட பகலை மாலைப் பக்கம் தள்ளிவைக்கத்தான் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நம்மிடம் தள்ளிவைக்கும் அளவுக்கு மிச்சப் பகல் இல்லை.

இந்த டிசம்பர் மாலைதான் புதிதாகப் போகிறவர்களை உலுக்குகிறது. வகுப்பு முடிந்து 5 மணிக்கு அறைக்கு வந்தால் வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. வீட்டு ஞாபகம் முட்டிக்கொண்டு வரும். அப்போது மதுரையில் விடியற்காலை 3.30. பிள்ளைகளே, அந்த நேரத்தில் வீட்டை எழுப்பாதீர்கள். எழுப்பினால் எடுப்பார்கள், எத்தனை நாள் எழுப்பினாலும் எடுப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை அங்கிருக்கும் மனிதர்களோடு கழியுங்கள்: நூலகம், அறைத் தோழர்களோடு சமையல், உடற்பயிற்சிக் கூடம், எதுவானாலும் சரி. 6.30 ஆகட்டும். மதுரையில் மணி 5 ஆகியிருக்கும். மீனாட்சியம்மன் கோயில் நடை திறந்திருக்கும். அப்பத்தா எழுந்து காபிக்கு அடுப்பைப் பற்றவைத்திருப்பார். அப்போது கூப்பிடுங்கள்.

ஜூன் மாதம் இதற்கு நேர்மாறானது. மதுரையில் காலை 6.15க்கு வீடியோவில் பேசினால் இங்கே உதித்த சூரியனும் அங்கே மறையப் போகும் சூரியனும் ஒரே நேரத்தில் தெரியும். அங்கே அப்போது முந்தின நாள் இரவு 8.45.

இரண்டு ஊர்களின் குணம்

மதுரையில் நேரத்தை நிகழ்ச்சியை வைத்துச் சொல்வோம். நடை திறந்ததும், பள்ளிக்கூடம் விட்டதும், வெயில் தாழ்ந்ததும், கடைசி பஸ்ஸுக்கு முன்னால். தெருக்களுக்கே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரை வைத்துக் கோயிலைச் சுற்றிக் கட்டிய ஊர் இது. நேரத்தை எண்ணாக நினைக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. டொரண்டோவில் பஸ் 7.42க்கு என்று போட்டிருப்பார்கள். மருத்துவரைப் பார்க்க 2.15 என்று தருவார்கள். 2.30க்குப் போனால் வேறொரு நாள் வரச் சொல்லலாம். ஆறு மணிக்கு விருந்து என்றால் ஆறு மணிக்குச் சாப்பாடு. நண்பர் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் போவதில்லை. இதைப் பாசம் இல்லாத தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவரின் நேரத்தைத் தொடாமல் இருப்பதுதான் அவர்களுடைய மரியாதை.

தூங்கா நகரம் என்ற பெயருக்கு ஏற்ப மதுரையில் நள்ளிரவு தாண்டியும் டீ கிடைக்கும், பரோட்டாக் கல் சூடாக இருக்கும், மாட்டுத்தாவணியில் பஸ் கிடைக்கும். விடியும் முன்பே பூச்சந்தை கூடிவிடும். டொரண்டோவின் சுரங்க ரயில் வார நாட்களில் காலை 6 மணியளவில் தொடங்கி நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணியளவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணியளவில்தான் தொடங்கும். ஞாயிறு அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இரவு பஸ் தடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். நகர மையத்தில் கட்டடங்களை இணைத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு நிலத்தடி நடைபாதை இருக்கிறது. ஜனவரியில் அதன் அருமை தெரியும்.

தமிழ்ச் சூழல் தேடுகிறவர்களுக்கு ஸ்கார்பரோ பகுதி இருக்கிறது. 1983 வன்முறைக்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டியெழுப்பிய தமிழ் வாழ்க்கை அது. கடைப் பலகையில் தமிழ், தட்டில் இடியப்பமும் கொத்துரொட்டியும். கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. மதுரைக்காரர்கள் அங்கே விருந்தாளிகள் என்ற நினைப்போடு போய்ப் பழகினால் நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள்.

எப்போது பேசுவது

என் தீர்மானமான பரிந்துரை: மதுரை காலை 6.30. குளிர்காலத்தில் அங்கே இரவு 8, கோடையில் இரவு 9. கடிகாரம் மாறினாலும் இரு பக்கமும் விழித்திருக்கும் நேரம் இது ஒன்றுதான் சிக்கலில்லாமல் அமைகிறது. மதுரை நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு டொரண்டோ பக்கம் மாறிக்கொள்ளட்டும். மாத்திரையும் காபியும் மணிக்கணக்கில் எடுக்கிற பெரியவர்கள் இருப்பது இந்தப் பக்கம்தானே. பள்ளிக்குப் போகும் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் 6.30 சரிப்படாவிட்டால் சனி, ஞாயிறு இரவு 8 மணியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காலை ஒன்பதரை அல்லது பத்தரை.

தினமும் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வாரத்தில் குறிப்பிட்ட சில நாட்கள் என்று வைத்து, அதைத் தவறவிடாமல் பேசுவது நிலைக்கும்.

வங்கி, கெடு, நேர்காணல், டிக்கெட்

மதுரையில் வங்கி காலை 10 மணிக்குத் திறக்கும்போது டொரண்டோவில் முந்தின நாள் இரவு 11.30, கோடையில் நள்ளிரவு 12.30. கல்விக்கடன் விஷயமாகக் கிளை மேலாளரிடம் பேச வேண்டியவர்கள் குளிர்காலத்திலேயே முடித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. வெள்ளி இரவு கூப்பிடலாம் என்று வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அது மதுரையில் சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "இரவு 11.59, கிழக்கு நேரம்" என்று கெடு இருந்தால், மதுரையில் மறுநாள் காலை 9.29 அல்லது 10.29. அந்தக் கூடுதல் இரவை நம்பி இருக்காமல் முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். கிழக்கு நேரத்துக்கு "ஈ.எஸ்.டி." என்று குளிர்காலத்திலும் "ஈ.டி.டி." என்று கோடையிலும் எழுத வேண்டும். ஆனால் அங்கேயே பலர் ஆண்டு முழுவதும் ஈ.எஸ்.டி. என்றுதான் எழுதுகிறார்கள். ஜூலையில் நேர்காணலுக்கு அப்படி வந்தால், "டொரண்டோ நேரம் காலை 10, இந்திய நேரம் இரவு 7.30 என்று எடுத்துக்கொள்கிறேன், சரிதானா?" என்று ஒரு வரி எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். தேதியும் அப்படித்தான்: 03/04 என்பதை அங்கே மார்ச் 4 என்று படிக்கிறவர்கள் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

விமான டிக்கெட்டில் ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் நேரமே அச்சாகியிருக்கும். 15ஆம் தேதி 00.40 என்றிருந்தால் 14ஆம் தேதி மாலையே விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். போகும்போது அந்த ஒரு நாள் உங்களுக்கு முப்பத்து மூன்றரை அல்லது முப்பத்து நான்கரை மணி நேரமாக நீளும். போய்ச் சேர்ந்த முதல் வாரம் அதிகாலை 3 மணிக்குப் பசித்து விழிப்பு வரும். மதுரையின் மதியச் சாப்பாட்டு நேரம் அது. எழுந்து வீட்டுக்குப் போன் போட்டால் உடம்பு மதுரையிலேயே தங்கிவிடும். தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருங்கள், பகலில் வெளிச்சத்தில் நடங்கள், அந்த ஊர் மணிக்குச் சாப்பிடுங்கள்.

அவசரத்துக்கு

ஒரு ஒப்பந்தம் முதல் நாளே செய்துகொள்ளுங்கள். சாதாரணச் செய்தி எழுத்தில் வரும். அகாலத்தில் மணி அடித்தால், நின்று மறுபடி அடித்தால், அவசரம் என்று பொருள். இதை இரு பக்கமும் காப்பாற்றினால்தான் நள்ளிரவில் போனை அணைத்துவைக்காமல் தூங்க முடியும்.

டொரண்டோவில் இருந்துகொண்டு 108ஐ அழுத்தினால் மதுரைக்கு ஆம்புலன்ஸ் வராது. அங்கே அவசர எண் 911. அதுவும் அந்த ஊருக்குத்தான். ஆகவே பக்கத்து வீட்டாரின் எண், அருகிலுள்ள மருத்துவமனையின் நேரடி எண் ஆகியவற்றைப் பிள்ளையின் போனில் பதிந்து அனுப்புங்கள். மதுரைத் தரைவழி எண்ணுக்கு அங்கிருந்து 011, 91, 452 என்று தொடங்க வேண்டும். 0452இல் உள்ள முதல் சுழியம் வராது. இங்கிருந்து டொரண்டோவுக்கு 00, 1, பிறகு பத்து இலக்க எண்.

சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இறுதிச் சடங்கைப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடித்துவிடுகிறோம். டொரண்டோவிலிருந்து விமானம் மாறி மதுரை வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். மூத்தவர்கள் உள்ள வீடுகளில், பிள்ளைக்காகக் காத்திருப்பதா இல்லையா என்று நிதானமான ஒரு நாளில் பேசி முடிவு செய்துவைத்தால், அந்த நேரத்தில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டி வராது.

பஞ்சாங்கமும் திருவிழாவும்

மதுரையில் அச்சான காலண்டரை டொரண்டோவுக்கு எடுத்துப்போய் அதிலுள்ள ராகு காலத்தை அப்படியே பார்ப்பது பொருந்தாது. ராகு காலம் என்பது பகல் பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும் ஊரில் அது ஒன்றரை மணி நேரம். டொரண்டோவில் டிசம்பர் கடைசியில் அது ஒரு மணி ஏழு நிமிடமாகச் சுருங்கும், ஜூனில் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். திங்கட்கிழமைக்கு நாம் சொல்லும் ஏழரை முதல் ஒன்பது என்பது அங்கே டிசம்பரில் ஏறக்குறைய 9 முதல் 10 வரை.

திதியிலும் இதே விஷயம். சந்திரன் உலகத்துக்கு ஒன்றுதான், அமாவாசை முடியும் கணமும் ஒன்றுதான். ஆனால் குளிர்காலத்தில் மதுரையில் செவ்வாய் காலை 8க்கு முடிகிற அமாவாசை, டொரண்டோவில் திங்கள் இரவு 9.30க்கே முடிந்துவிடுகிறது. தாத்தா திதி கொடுக்க அங்கே திங்கட்கிழமைதான் நாள். அந்த ஊருக்கென்று கணித்த பஞ்சாங்கத்தையோ அங்குள்ள கோயில் அர்ச்சகரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவிழாவை நேரலையில் பார்க்க ஒரு கணக்கு. பொங்கலன்று காலை அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும்போது டொரண்டோவில் போகி இரவு 8.30, 9 மணி இருக்கும். பாலமேட்டைப் பொங்கல் இரவிலும் அலங்காநல்லூரை மாட்டுப் பொங்கல் இரவிலும் பார்க்கலாம். தீபாவளி நவம்பர் முதல் ஞாயிற்றுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஒன்றரையோ இரண்டரையோ கூட்டுங்கள். சித்திரைத் திருவிழா எப்போதும் கோடைக் கணக்கில்தான் வரும். அழகர் வைகையில் இறங்கும் காலை 6 மணியை ஒட்டிய நேரம் அங்கே முந்தின நாள் இரவு 8.30. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நண்பர்களைக் கூட்டி உட்கார்ந்து பார்க்கலாம். மீனாட்சி திருக்கல்யாணம் காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் நடப்பதால் அங்கே இரவு 11 ஆகிவிடும். மறுநாள் காலையில் வகுப்போ வேலையோ இருந்தால் அந்த அரை நாளுக்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லிவைத்துவிட்டுப் பாருங்கள். விடுப்புக் கடிதத்தில் எழுத வேண்டியது டொரண்டோ தேதி.